இரண்டு கோடி வருஷத்து மரவாடி

நிலம்பூர் போய்வந்த நண்பர் ஒருவர், திண்டிவனம் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து அரைமணி நேரம் தேக்கைப் பற்றியே பேசினார். சாலியாற்றங்கரையில் இருக்கிறதாம் அந்தத் தோட்டம். 1840-களில் மலபார் கலெக்டராக இருந்த கனோலி, சாத்து மேனன் என்பவரைக் கொண்டு வைக்கச் செய்தது. வெள்ளைக்காரர்களுக்குக் கப்பல் கட்டத் தேக்கு தேவைப்பட்டது, காட்டில் இருந்ததையெல்லாம் வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் நட ஆரம்பித்தார்கள். உலகத்திலேயே பழைய தேக்குத் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். 1846-இல் வைத்த மரங்களில் நூற்றுச் சொச்சம் இன்னும் நிற்கின்றன. “கட்டிப் பிடிச்சா கை எட்டல. அதாம்பா மரம்! நம்ம பக்கம் என்னா இருக்கு? சவுக்கும் கருவேலமும்.”

எனக்குச் சுருக்கென்றது. “நம்ம செஞ்சியாத்தங்கரையில கெடக்கிற மரத்துக்கு ரெண்டு கோடி வயசு” என்றேன். அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், வீம்புக்குச் சொல்கிறேன் என்ற தீர்ப்பு இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருவக்கரை கிளம்பினேன்.

செஞ்சி மலைகளின் பக்கம் பிறக்கும் ஆறு ஒன்றுக்கு மூன்று பெயர். எங்கள் ஊரில் செஞ்சியாறு, புராணத்தில் வராகநதி, புதுச்சேரிக்காரர்களுக்குச் சங்கராபரணி. வீடூர் அணையில் சற்றுத் தேங்கி, திருவக்கரையைத் தொட்டு, புதுச்சேரி எல்லைக்குள் புகுந்து கடலில் கலக்கிறது. வருஷத்தில் பல மாதம் மணல்தான் ஓடும். திண்டிவனம் தாண்டித் தெற்கே திரும்பினால் வழியெல்லாம் சவுக்குத் தோப்பு. மூன்று நான்கு வருஷத்தில் வெட்டிக் காகித ஆலைக்கும், சாரம் கட்டவும், பந்தல்காலுக்கும் அனுப்பிவிடுவார்கள். எங்கள் மாவட்டத்தில் மரம் வைப்பது என்றால் பெரும்பாலும் இதுதான். தேக்குபோலப் பேரனுக்காக வைப்பதில்லை. பெண்ணின் கல்யாணத்துக்குள் காசாகிவிட வேண்டும்.

ஒரு தோப்போரம் வண்டியை நிறுத்தினோம். கீழே விழுந்து கிடந்த சவுக்கு ஊசி ஒன்றை எடுத்து, கணுவில் இழுத்துப் பிரித்து, திரும்பச் செருகி நண்பரிடம் நீட்டினேன். “எங்க ஒட்டியிருக்கு, சொல்லு.” கடலோரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் விளையாடிய விளையாட்டு இது. அவர் இரண்டு முறை தோற்றார். இந்த ஊசியை இலை என்று நினைக்கிறோம், உண்மையில் அது கொம்பு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கணுவிலும் மிகச் சிறிய செதில்கள் வட்டமாக நிற்கும், அவைதான் இலை. பார்க்க பைன் மரம்போல இருந்தாலும் சவுக்கு பைன் இனம் அல்ல, பூக்கும் மரம். இந்த வேஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

திருவக்கரையில் பலருக்கும் தெரிந்தது வக்கிரகாளியம்மன் கோயில். பௌர்ணமிக்குக் கூட்டம் தாங்காது. கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் கிழக்கே போனால் கல்மரப் பூங்கா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் இருக்கும் தேசிய நினைவுச் சின்னம், 247 ஏக்கர். கேட்டைத் தாண்டியதும் செக்கச் சிவந்த மேட்டு நிலம், மழை அறுத்த ஓடைகள், நடுநடுவே பனை. நண்பர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “மரம் எங்க?” என்றார். அவர் கால்மாட்டில்தான் கிடந்தது.

முதல் பார்வைக்கு யாரும் ஏமாறுவார்கள். அறுத்த அடிமரத் துண்டுகளை யாரோ லாரியிலிருந்து தள்ளிவிட்டுப் போனதுபோல இருக்கும். பழுப்பு, காவி, அங்கங்கே வெளுத்த மஞ்சள். ஒரு துண்டின் பக்கவாட்டில் நெடுக ஓடும் நார், கணு இருந்த இடத்தில் சுழித்து விலகிப் போகிறது. தச்சர் இழைப்புளி ஓட்டும்போது எரிச்சல் படுவாரே, அதே சுழிப்பு. நண்பர் குனிந்து தூக்கப் பார்த்தார். அசையவில்லை. சாவியால் கீறினார். சாவிதான் மழுங்கியது, துண்டில் வெள்ளிக் கோடாக உலோகம் ஒட்டிக்கொண்டது. “தொட்டுப் பாருங்க சார், கீறாதீங்க” என்றார் காவலர். இந்தக் கல்லில் பெரும்பங்கு சிலிக்கா. மணல், வெங்கச்சங்கல், குவார்ட்ஸ் எல்லாம் அதே சரக்குதான். கடினத்தை ஒன்றிலிருந்து பத்துவரை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் ஏழு. சாதாரண இரும்பு அதற்குக் கீழே.

3 மீட்டரிலிருந்து 15 மீட்டர் நீளம் வரை மரங்கள் கிடக்கின்றன. ஏறத்தாழ 200 என்று கணக்கு. ஒரு மீட்டர் விட்டமும் 15 மீட்டர் நீளமும் உள்ள தேக்கு அடிமரம் எட்டு டன்னுக்குள் அடங்கும். அதே அளவு கல்லாகிவிட்டால் 30 டன்னைத் தாண்டும். சில மரங்கள் குறுக்கே ஒரே சீராகத் துண்டுபட்டுக் கிடப்பதைப் பார்த்தால் வாள் போட்டு அறுத்ததுபோலவே இருக்கும். அறுத்தவர் யாருமில்லை. சிலிக்கா வளையாது, நொறுங்கும். மேலே இருந்த மண்பாரம் ஏறி இறங்கி, நிலம் அமுங்கும்போது, நீண்ட கல் உருளை குறுக்கே படக்கென்று முறிகிறது.

எல்லாரும் இதைக் கல்லான காடு என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. காடு என்றால் வேர் இருக்க வேண்டும். இங்கே வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை, பட்டைகூட இல்லை. ஒன்றும் நின்ற நிலையில் இல்லை, எல்லாம் படுத்தபடி. இந்த மரங்கள் இங்கே வளரவில்லை என்பதே புவியியலாளர்களின் முடிவு. எங்கோ மேட்டில் வளர்ந்து, வெள்ளத்தில் சாய்ந்து, உருண்டு, உரசி, கிளையும் பட்டையும் இழந்து, மொட்டை மரமாக மிதந்து வந்து மணலில் தட்டி நின்றவை. ஆகவே இது காடு அல்ல, மரவாடி. நிலம்பூர்த் தேக்கைத் தெப்பமாகக் கட்டிச் சாலியாற்றில் மிதக்கவிட்டு, கோழிக்கோட்டுக் கல்லாயி மரவாடிக்குக் கொண்டுபோவார்கள் என்று நண்பரே சொல்லியிருந்தார். அதே வேலையை இங்கே ஒரு பழைய ஆறு தெப்பக்காரன் இல்லாமல் செய்திருக்கிறது. இன்றைய செஞ்சியாறு அதைச் செய்யவில்லை, இந்த ஆறு அப்போது இப்படி ஓடியதும் இல்லை. மேற்கே மலைகளிலிருந்து கிழக்கே கடல் நோக்கி இறங்கிய, இதைவிடப் பெருத்த வெள்ளம் அது. அது கொண்டுவந்து கொட்டிய மணலும் கூழாங்கல்லும் இறுகியதுதான் கடலூர் மணற்கல் என்று பாடப்புத்தகம் சொல்லும் அடுக்கு. அதற்குள் புதைந்த சரக்கு இந்த மரங்கள்.

சரி, மரம் எப்படிக் கல்லாகும்? “கல்லு தண்ணியில கரையுமா?” என்று நண்பர் கேட்டார். கரையும், கொஞ்சமாக. நெல் அறுத்தவர்கள் கையைக் காட்டினால் போதும். நெல் தாளின் ஓரம் கையை அறுப்பதற்குக் காரணம் அதில் இருக்கும் சிலிக்கா. நெல் அதை வேர் வழியாகத் தண்ணீரோடு குடித்ததுதான். உமியை எரித்துக் கிடைக்கும் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சிலிக்கா இருக்கும். நம் பாட்டிகள் உமிக்கரியால் பல் தேய்த்தபோது கண்ணுக்குத் தெரியாத மணலால்தான் தேய்த்தார்கள். நிலத்தடி நீரில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் சிலிக்கா கரைந்திருப்பது சாதாரணம். அது வருவது பாறையிலிருந்து. செஞ்சிக் கோட்டை நிற்கும் கருங்கல்லில் பாதிக்கும் மேல் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் இருக்கிறது. வெயிலும் மழையும் அதை அரிக்கும்போது களிமண் மிஞ்சும், சிலிக்காவில் ஒரு பங்கு தண்ணீரில் கரைந்து போகும். கோட்டைப் பாறைகளின் வயது 250 கோடி ஆண்டு. அப்படிப்பட்ட மலைகள் கரைந்த சாறுதான் இந்த மரங்களுக்குள் ஊறியிருக்க வேண்டும்.

புதைந்த மரத்தில் ஒரு பந்தயம் நடக்கிறது. ஒரு பக்கம் பூஞ்சையும் பாக்டீரியாவும். காற்றுப் பட்டால் மரத்தைச் சில வருஷத்தில் தின்று முடித்துவிடும். இன்னொரு பக்கம் சிலிக்கா. வெள்ள மணல் ஆழமாக மூடினால் காற்று போகாது, தின்பவர்களின் வேகம் குறையும். சிலிக்காவுக்கு நேரம் கிடைக்கும். மரத்தின் செல்சுவர் செல்லுலோஸ் முதலியவற்றால் ஆனது. அதன் மேற்பரப்பில் சிலிக்கா மூலக்கூறுகள் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் சுவர்மீது ஒரு மெல்லிய பூச்சு. அந்தப் பூச்சின்மேல் இன்னொன்று. பிறகு சுவருக்கு நடுவே உள்ள வெற்றிடம், அதாவது உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய குழாய், நிரம்புகிறது. மரப்பொருள் மெல்ல மெல்லச் சிதைந்து போக, அது இருந்த இடத்தையும் சிலிக்கா எடுத்துக்கொள்கிறது. ஆரம்பத்தில் அது ஓபல் என்ற ஒழுங்கற்ற வடிவம். காலம் போகப் போகச் சால்செடனி, குவார்ட்ஸ் என்று படிகமாக இறுகுகிறது. வார்ப்புச் சிலை செய்யும் சுவாமிமலை ஸ்தபதி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு ஒரே ஊற்றில் உலோகத்தை ஊற்றுகிறார். இங்கே மெழுகு வெளியேறுவதும் உலோகம் நுழைவதும் செல் செல்லாக, ஒரே சமயத்தில். அதனால்தான் நார் ஓட்டம்கூடத் தப்பவில்லை.

இரும்பு கலந்த தண்ணீர் வந்தபோது காவியும் சிவப்பும் மஞ்சளும் ஏறின. தேக்கின் நிறம் என்று நண்பர் சொன்னது தேக்குக்கு உரியது அல்ல, துருவுக்கு உரியது.

இதற்குக் கோடி வருஷம் தேவையா? ஜப்பானில் தத்தேயாமா எரிமலைப் பகுதியில் சிலிக்கா நிறைந்த வெந்நீர் ஊற்று ஒன்றில் மரத்துண்டுகளைப் போட்டுப் பார்த்தார்கள். ஏழு வருஷத்தில் அவற்றின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் சிலிக்காவாகிவிட்டது. அந்த முடிவு 2004-இல் வெளியானது. ஆகவே ஊறுவது வேகமாகவே நடக்கலாம், நிலத்தடி நீர் வெந்நீர் ஊற்று அல்ல என்றாலும். கோடி வருஷம் என்பது மரம் கல்லாக எடுத்த நேரம் அல்ல, கல்லாகிப் படுத்திருக்கும் நேரம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஒரு கட்டுரையை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

எந்த மரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? இலை இல்லை, பூ இல்லை, காய் இல்லை. வைரப்பல் வைத்த வாளால் கல்லை மூன்று விதமாக அறுக்கிறார்கள்: குறுக்கே ஒன்று, நடுவை நோக்கி நெடுக்கே ஒன்று, பட்டைக்கு இணையாக நெடுக்கே ஒன்று. ஒவ்வொரு சீவலையும் கண்ணாடித் தகட்டில் ஒட்டி 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்கிறார்கள். அந்தக் கனத்தில் கல் ஒளியை உள்ளே விடும். நுண்ணோக்கியில் வைத்தால் கல் மறைந்து மரம் தெரிகிறது. தண்ணீர் ஏறிய குழாய்கள் தனித்தனியா, கூட்டமா, குறுக்கே ஓடும் கதிர்கள் ஒரு செல் அகலமா, நான்கு செல் அகலமா, பிசின் குழாய் உண்டா என்று பார்த்து, இன்றைய மரங்களின் சீவல்களோடு ஒப்பிடுகிறார்கள். தச்சர் மரத்தூளை முகர்ந்து வேங்கையா வாகையா என்று சொல்வதன் நீட்சிதான் இது.

இப்படிப் பார்த்தவர்களில் சி.ஜி.கே. ராமானுஜம் முக்கியமானவர். அப்போதைய தென்னாற்காடு மாவட்டக் கல்மரங்களைப் பற்றி 1950-களில் தொடர்ந்து எழுதினார். இந்த மரங்களின் பெயர்கள் ‘ஆக்சைலான்’ என்று முடியும். கிரேக்கத்தில் மரக்கட்டை என்று பொருள். டெர்மினாலியாக்சைலான் என்றால் நம் மருதம், கடுக்காய், தான்றி வகையைச் சேர்ந்த கட்டை. ஷோரியாக்சைலான் என்றால் குங்கிலியம் தரும் சால் மரத்தின் உறவு. புளியமரக் குடும்பத்துக் கட்டைகளும் உண்டு. குங்கிலியக் குடும்பத்தின் பெரிய மரங்கள் பெரும்பாலும் இன்று வாழ்வது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும். எங்கள் மாவட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழை. அந்தக் காடுகளுக்கு அதைப்போல் இரு மடங்கும் அதற்கு மேலும் வேண்டும். அப்படியானால் இந்த மரங்கள் வளர்ந்த மேட்டில் அந்தக் காலத்தில் நல்ல மழை. திருவக்கரையில் எப்படி என்று மட்டும் மரங்களைக் கேட்காதீர்கள். மிதந்து வந்த மரம் தான் பிறந்த ஊரின் வானிலையைத்தான் சொல்லும்.

இனி அந்தச் சவுக்கு ஊசியை எடுங்கள். லக்னோவில் தொல்தாவரவியலுக்கு என்றே ஒரு நிறுவனம் தொடங்கிய பீர்பால் சாஹ்னி, திருவக்கரைக் கட்டைகளில் ஒன்றை 1931-இல் விவரித்தார். அது போடோகார்ப் என்ற கூம்புமரக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதாவது பைனுக்குத் தூரத்துச் சொந்தம். தென்னிந்தியாவில் இன்று இயல்பாக வளரும் கூம்புமரம் ஒன்றே ஒன்றுதான், மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான காடுகளில். அதுவும் போடோகார்ப் குடும்பம். மேலே பைன் வேஷம் போட்டு நிற்கும் சவுக்கு பைன் சொந்தமே இல்லை. கீழே எந்த வேஷமும் இல்லாமல் மொட்டையாகக் கிடக்கும் கல் அசல் கூம்புமரம். நண்பர் இதைக் கேட்டுச் சிரித்தார். அன்றைக்கு அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

தெற்கே நெய்வேலியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருப்பாக வந்ததே, அந்தப் பழுப்பு நிலக்கரியும் பழைய மரம்தான். அதையும் இதே கடலூர் மணற்கல் அடுக்குகள்தான் மூடிக் காத்தன. சதுப்பில் குவிந்து அமுங்கிய தாவரங்கள் அங்கே கார்பனைக் காப்பாற்றிக்கொண்டன, உருவத்தை இழந்தன. இங்கே மணலில் புதைந்தவை கார்பனை இழந்தன, உருவத்தைக் காப்பாற்றிக்கொண்டன. அங்கே போனது கரண்டாகி நம் வீட்டு விளக்கில் எரிகிறது. இங்கே உள்ளது எரியவே எரியாது.

இந்தக் கட்டைகளை முதலில் எழுத்தில் பதிந்த ஐரோப்பியர் என்று பியர் சொன்னெராவைச் சொல்வார்கள், ஆண்டு 1781. புதுச்சேரி வட்டாரத்தில் அலைந்த பிரெஞ்சு இயற்கையியலாளர். செஞ்சி மலையில் விடியற்காலை கத்தும் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரிலும் அவர் பெயர்தான் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அவருக்கு வெகு முன்பே பார்த்துவிட்டார்கள், விளக்கமும் வைத்திருந்தார்கள்: அசுரர்களை வதம் செய்தபோது சிதறிய எலும்புகள். தப்பான விளக்கம். ஆனால் இவை ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை, சாதாரணக் கல் இல்லை என்ற பாதி உண்மையைக் கண்டுகொண்டவர்கள் அவர்கள்.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்தப் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது இது ஒன்றுதான். இப்போது ராஜகிரி ஏறக் கூட்டம் வருகிறது, நல்லது. அவர்களில் நூறில் ஒருவராவது ஒரு மணி நேரம் கூடுதலாக வண்டி ஓட்டித் திருவக்கரை போகிறாரா என்பது எனக்குச் சந்தேகம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரே மரம் கிடக்கிறது, வயது 12 கோடி. வயதில் அது மூத்தது. ஆனால் அது ஒற்றை மரம். மரவாடி என்று சொல்ல இத்தனை மரம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் திருவக்கரைக்குத்தான் வர வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சட்டைப் பைக்குள் அடங்கும் துண்டுகள் நிறையக் கிடக்கும், கை பரபரக்கும். எடுக்காதீர்கள். வெட்டிய சவுக்குத் தோப்பை மறு வருஷமே வைத்துவிடலாம், நிலம்பூர்த் தேக்கைக்கூட இருநூறு வருஷத்தில் வளர்த்துவிடலாம். ஷோகேஸில் போய்ச் சேரும் இந்தத் துண்டுக்கு மறு நடவு கிடையாது.

இன்னொன்று, ஒரு பாட்டில் தண்ணீர் கூடுதலாக எடுத்துப் போங்கள். வெயிலில் காய்ந்த கல்லில் வளையம் சரியாகத் தெரியாது. முறிந்த முகத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்தால் நிறம் கருத்து ஏறி, வட்டம் வட்டமாக எழுந்து வரும். நண்பர் முட்டி போட்டு உட்கார்ந்து, விரலை வைத்து உள்ளிருந்து வெளியே எண்ண ஆரம்பித்தார். இருபத்தேழு வரை எண்ணினார். அதற்குள் தண்ணீர் காய்ந்துவிட்டது.